ஏற்காட்டு அடுப்படியில் ஒரு ரீஃபில்

போன மே மாதம், கோடை விழா நேரம். சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு போன். பேசியவர் அங்கே ஒரு ஹோட்டலின் மேனேஜர். மூச்சு வாங்கியபடியே பேசினார்.

"கிச்சன்ல அந்த ஃபயர் சிஸ்டம் அடிச்சிருச்சுங்க மேடம். எல்லாம் நுரையா கெடக்குது. நைட்டு அறுபது பேருக்கு பஃபே இருக்குதுங்க. உடனே வந்து மருந்து நிரப்பிக் கொடுத்துட்டீங்கன்னா போதும்."

யாருக்காவது காயமா என்று கேட்டேன். இல்லை. தீ முழுசாக அணைந்ததா? அணைந்துவிட்டது. 101க்குச் சொன்னீர்களா? சொல்லவில்லை. சொல்லுங்கள், தீ அணைந்திருந்தாலும் அவர்கள் வந்து பார்ப்பது நல்லது என்றேன். அப்புறம், நான் வரும்வரை எண்ணெய்ச் சட்டியைத் தொடக் கூடாது, தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது, எதையும் ரீசெட் செய்யக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

சேலம் குகைப் பகுதியில் அப்பா ஆரம்பித்த கடை எங்களுடையது. அவர் காலத்தில் சோடா ஆசிட் வகைத் தீயணைப்பான்களுக்கு மருந்து மாற்றுவதுதான் முக்கிய வேலை. மில்லுக்கும் சினிமா கொட்டகைக்கும் சைக்கிளில் போய்வருவார். இப்போது ஹோட்டல், கல்லூரி ஹாஸ்டல், கல்யாண மண்டபம் என்று சமையலறை வேலைதான் அதிகம். அடுப்புகளுக்கு மேலே எவர்சில்வர் ஹூட் இருக்குமே, அதற்குள் ஒளிந்திருக்கும் தீயணைப்பு சிஸ்டத்தைத்தான் நான் பார்க்கிறேன். அந்த வேலையில் பதினான்கு வருடம் ஆகிறது.

வண்டியில் ஏற்றியது: மருந்து கேன் இரண்டு, நைட்ரஜன் கார்ட்ரிட்ஜ், லிங்க் ஒரு டப்பா, மருந்து பீய்ச்சும் நாசில்களுக்கு மூடி ஒரு பை, ஓ ரிங் செட், பர்ஸ்ட் டிஸ்க், பைப்பை ஊதித் துடைக்க ஒரு நைட்ரஜன் சிலிண்டர், ஒரு தராசு. தராசு செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. கொலுசு எடை போட்ட தராசு. கிராம் பிசகாது. உதவிக்கு வரும் பையன் சிலிண்டரைக் கட்டி முடிக்க நாலரை ஆகிவிட்டது. கோடை விழாக் கூட்டத்தில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிப்பதற்குள் ஆறே கால்.

சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது வாசனைதான். கருகிய எண்ணெயோடு ஈரத் துணிசோப்பு கலந்த மாதிரி ஒரு நெடி. ஃப்ரையரின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு படலம். கரண்டிக் காம்பால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். தோல் மாதிரி மடிந்தது. அடியில் எண்ணெய் இன்னமும் சூடாகத்தான் இருந்தது.

அந்தப் படலம் நிஜமாகவே சோப்புதான். பலருக்கு இது தெரியாது. இந்த சிஸ்டத்தில் வரும் மருந்து பொட்டாசியம் உப்புகளைத் தண்ணீரில் கரைத்த கரைசல். பொட்டாசியம் கார்பனேட், அசிடேட், சிட்ரேட் என்று கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறும். காரத்தன்மை உள்ளது. கொதிக்கும் எண்ணெயின் மேல் பொடிப்பொடித் துளியாக விழுந்ததும் கொழுப்போடு சேர்ந்து சோப்பாக மாறிவிடும். சோப்பு நுரைக்கும், நுரை எண்ணெய்க்கு மூடி போட்ட மாதிரி உட்காரும், காற்று உள்ளே போகாது. கரைசலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். மூடுவதோடு நின்றால் போதாது, ஆற வைக்கவும் வேண்டும். எண்ணெய்த் தீயில் பெரிய சிக்கலே அதன் சூடுதான்.

பஜ்ஜி போட எண்ணெய் 180 டிகிரி இருந்தால் போதும். 230 வாக்கில் புகைய ஆரம்பிக்கும். அதையும் தாண்டி சுமார் 360 டிகிரிக்குப் போனால் யாரும் பற்ற வைக்க வேண்டியதில்லை, எண்ணெய் தானாகவே பிடித்துக்கொள்ளும். அப்போது தீயணைப்புப் பவுடர் அடித்தால் மேலே இருக்கும் ஜுவாலை அடங்கும். எண்ணெய் ஆறியிருக்காது, பவுடர் கலைந்ததும் மறுபடி பிடிக்கும். தண்ணீர் ஊற்றினாலோ இன்னும் மோசம். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், ஒரே நொடியில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். விரியும் ஆவி எரிகிற எண்ணெயை வாரி முகத்தில் அடிக்கும். தட்டுவடை செட் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்கு ஹூட்டும் சிஸ்டமும் வேண்டாம், சட்டியை முழுசாக மூடுகிற அளவில் ஒரு மூடியைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தீப்பிடித்தால் மூடி, கேஸை அடை, திறந்து பார்க்காதே.

அமெரிக்காவில் 1994 நவம்பரில் யூ.எல். 300 என்ற சோதனை முறை வந்ததும் இதனால்தான். அதற்கு முன்னால் அங்கே மிருகக் கொழுப்பில் பொரித்தார்கள், பவுடர் சிஸ்டம் போதுமாக இருந்தது. தாவர எண்ணெய்க்கு மாறிய பிறகு எண்ணெய் பற்றும் சூடு கூடிவிட்டது. புது ஃப்ரையர்களும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பவுடர் அணைத்த தீ திரும்பத் திரும்பப் பிடித்தது. எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும் நிலையில் வைத்துச் சோதித்தபோது, திரவ மருந்துதான் நின்றது. இன்றைக்கு நம் ஊர் ஹோட்டல்களில் நான் பார்க்கும் சிஸ்டம் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, ஏற்காட்டுக்கு வருகிறேன்.

அங்கே மாஸ்டர் அறுபதை நெருங்கியவர். பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "வா பாப்பா" என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். மிளகாய் பஜ்ஜிக்கு எண்ணெய் காயவைத்துவிட்டு மாவு கரைக்கப் போயிருக்கிறார். திரும்பினால் புகை. ஸ்விட்சை நோக்கி ஓடுவதற்குள் குப்பென்று பிடித்துவிட்டது. "அடுத்த நிமிசமே மேல இருந்து படபடன்னு சத்தம். புஸ்ஸுன்னு மழை மாதிரி கொட்டுச்சு. ஒரு பத்து எண்ணிருப்பேன், தீ இல்ல பாப்பா."

அந்தப் படபட சத்தம் நாசில் மூடிகள் தெறித்த சத்தம். ஹூட்டுக்குள் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். நடுநடுவே லிங்க் கோத்திருக்கும். லிங்க் என்பது கட்டைவிரல் நீளத்தில் இரண்டு மெல்லிய தகடு. நடுவில் சூட்டில் உருகும் உலோகக் கலவை வைத்து ஒட்டியிருப்பார்கள். குறித்த சூடு வந்ததும் பற்று உருகும், தகடுகள் பிரியும், கம்பி தளரும். ஸ்பிரிங் விடுபட்டு ஓர் ஊசி கார்ட்ரிட்ஜைக் குத்தும். அதிலிருக்கும் நைட்ரஜன் மருந்து டேங்குக்குள் பாய்ந்து, அதன் வாயை அடைத்திருக்கும் டிஸ்க்கைக் கிழித்து, மருந்தைக் குழாய் வழியே தள்ளும். இதில் கரண்ட் வேலை எதுவும் இல்லை. மின்சாரம் போன நள்ளிரவிலும் அது தன் வேலையைச் செய்யும். ஃப்ரையருக்கு நேர் மேலே இருந்த லிங்க்கின் ஒரு பாதி கம்பியில் தொங்கியது, மறு பாதியை அடுப்புக்கு அடியில் தேடி எடுத்தேன். ஒட்டியிருந்த முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. சுத்தமாக உருகிப் பிரிந்திருக்கிறது.

சிஸ்டம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. எண்ணெய் ஏன் அவ்வளவு சூடானது என்பதுதான் கேள்வி.

அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது. காலியான சிலிண்டரைக் கையில் வாங்கினால், அது ஏன் காலியானது என்று கேட்காமல் நிரப்பாதே. மேனேஜர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார், கையில் கடிகாரம் பார்த்தபடி. நான் ஃப்ரையரைத் திறந்தேன். எலக்ட்ரிக் ஃப்ரையர். காயிலோடு ஒட்டிக் கிளிப்பில் இருக்க வேண்டிய, எண்ணெயின் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் பல்ப், கிளிப்பிலிருந்து கழன்று எண்ணெய்க்கு மேலே ஓரமாக நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் சட்டி கழுவ காயிலைத் தூக்கியபோது கழன்றிருக்க வேண்டும். பல்ப் காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தது. எண்ணெய் இன்னும் காயவில்லை என்றே நினைத்து காயிலை நிறுத்தாமல் ஓட விட்டிருக்கிறது. இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் ஹை லிமிட் என்று, சூடு எல்லை மீறினால் கரண்டை நிறுத்தும் இன்னொரு பாதுகாப்பு இருக்கும். அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயர் போட்டு நேராகச் சேர்த்திருந்தார்கள். "அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு போன வருசம் ஒருத்தர் பண்ணிக் கொடுத்துட்டுப் போனாருங்க" என்றார் மேனேஜர். அந்த ஒயரை வெட்டி அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல் நீளம்கூட இல்லை.

அடுத்தது இன்னும் பெரிது. சிஸ்டம் அடித்ததும் அடியில் இருக்கும் சூட்டு மூலமும் சேர்ந்து நிற்க வேண்டும். இங்கே கேஸ் வால்வு ஒழுங்காக விழுந்திருந்தது. ஆனால் இந்த இடத்தில் முதலில் இருந்தது கேஸ் ஃப்ரையர். பிறகு அதே அளவில் எலக்ட்ரிக் ஃப்ரையர் மாற்றியவர்கள், அதை, சிஸ்டம் அடித்ததும் கரண்டை நிறுத்தச் சொல்லும் மைக்ரோ ஸ்விட்சோடு இணைக்கவில்லை. மருந்து கொட்டிய பிறகும் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மாஸ்டர் நுரை மழைக்குள் ஓடி எம்.சி.பி.யை இறக்கியதால் நின்றது. அவர் மட்டும் பயந்து வெளியே ஓடியிருந்தால், அடியில் சூடு ஏறிக்கொண்டே போய், நுரை உடைந்து, எண்ணெய் மறுபடி பற்றியிருக்கும். அப்போது டேங்க் காலி. ஒரே ஒரு முறை அடிக்கத்தான் மருந்து இருக்கும்.

மேனேஜரிடம் சொன்னேன், இன்றைக்கு இந்த ஹூட்டுக்கு அடியில் அடுப்பு பற்ற வைக்க முடியாதுங்க. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஓனருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். ஓனரும் அதையேதான் கேட்டார், "மருந்த மட்டும் ஊத்திட்டு சீல் வெச்சுட்டுப் போங்கம்மா, மத்தத திங்கக்கிழம பாத்துக்கலாம்." முடியாது என்றேன். இரண்டு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "சரிம்மா, எத்தன மணி ஆகும்?" என்றார். நாளை மதியம் என்றேன். பஃபேவுக்குப் பக்கத்து ஹோட்டலில் இட்லியும் சப்பாத்தியும் சொன்னார்கள். விருந்தாளிகள் யாரும் சண்டைக்கு வரவில்லை.

இனி ரீசார்ஜ் வேலை. ஊரில் எல்லோரும் ரீஃபில் என்றே சொல்கிறோம், நானும் சொல்கிறேன். அந்த வார்த்தை பாட்டிலில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி ஒரு நினைப்பைக் கொடுத்துவிடுகிறது. மருந்து ஊற்றுவது மொத்த வேலையில் இருபது நிமிடம். மீதி முழுக்கத் துடைப்பதும் கழற்றுவதும் சரிபார்ப்பதும்தான்.

முதலில் எண்ணெய் ஆற வேண்டும். இரவு ஒன்பதரை வரை காத்திருந்தோம். மருந்து பட்ட எண்ணெய், மாவு, காய் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னேன். மாஸ்டருக்கு மனசே வரவில்லை, ஒரு கூடை மிளகாயைக் கழுவி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கையுறை போட்டுக்கொண்டு வெந்நீரும் சோப்புத் தண்ணீருமாகத் துடைக்க ஆரம்பித்தோம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து காய்ந்து உட்கார்ந்தால் அலுமினியத்தை அரிக்கும், எவர்சில்வரில் கறை ஏறும். மின்சாரப் பாகங்களுக்கு ஈரத் துணி மட்டும், தண்ணீர் பீய்ச்சக் கூடாது.

பிறகு நாசில்கள். மொத்தம் எட்டு. அடுப்புகளுக்கு மேல் ஐந்து, ஃபில்டருக்குப் பின்னால் இரண்டு, புகை வெளியே போகும் டக்ட்டின் வாயில் ஒன்று. ஏழின் மூடியும் தெறித்திருந்தது. ஃபில்டருக்குப் பின்னால் இடப்பக்கம் இருந்ததற்கு மூடியே கிடையாது. இன்றைக்குத் தெறித்ததாகத் தெரியவில்லை, எப்போதோ போயிருக்கிறது. கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். துளைக்குள் அரக்கு நிறத்தில் பிசின் மாதிரி கெட்டியாக எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தது. ஊசி விட்டுத் தோண்டியும் முழுசாக வரவில்லை. அந்த நாசில் ஒரு சொட்டுகூட விட்டிருக்காது. தீ இன்னும் ஓர் அடி மேலே ஏறி ஃபில்டரைப் பிடித்திருந்தால், அங்கே அணைக்க எதுவும் இருந்திருக்காது. பிசுக்கு படிந்த டக்ட் கூரை வரை போகிறது. கூரைக்கு மேல் விருந்தாளிகளின் அறை.

மூடி என்பது ரப்பரோ ஃபாயிலோ, சின்னப் பொருள். விலை சொன்னால் யாரும் யோசிக்க மாட்டார்கள். மருந்து டேங்கில் நான்கு மாதம் முன்பு வேறு ஒருவர் வந்து பார்த்து, எல்லாம் சரி என்று ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. ஹூட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்காமல் ஒட்டிய ஸ்டிக்கர். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த சமையலறையில் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள்.

எட்டு நாசிலையும் கழற்றிவிட்டுக் குழாயில் தண்ணீர் விட்டோம். முதலில் கலங்கலாக, வழுக்கலாக வந்தது. தெளியத் தெளிய விட்டு, பிறகு நைட்ரஜன் ஊதி உலர்த்தினோம். பழைய மருந்தின் மிச்சம் உள்ளே நின்றால் காய்ந்து உப்பாக அடைக்கும். அடைத்த நாசிலுக்குப் பதில் அதே எண் பொறித்த புது நாசில். நாசிலுக்கு நாசில் பீய்ச்சும் அளவும் விரிவும் வேறு, கைக்குக் கிடைத்ததை மாட்ட முடியாது. பர்ஸ்ட் டிஸ்க் புதிது, ஓ ரிங் எல்லாம் புதிது. டேங்கின் தகட்டில் 2016 என்று இருந்தது. 12 வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், அதற்கு 2028 வரை நேரம் இருக்கிறது. டயரியில் எழுதிக்கொண்டேன். டேங்குக்கு அந்தக் கம்பெனி மருந்துதான், தகட்டில் போட்ட அளவுதான். வேறு கம்பெனி மருந்தைக் கலந்தோ, தண்ணீர் சேர்த்தோ நிரப்புவதை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

கார்ட்ரிட்ஜைத் தராசில் வைத்தேன். மேலே பொறித்த எடையோடு ஒத்துப்போனது. இதைச் செய்யாமல் நான் எந்த கார்ட்ரிட்ஜையும் மாட்டுவதில்லை. கசிந்து காலியானது வெளியே பார்க்கப் புதுசு மாதிரியேதான் இருக்கும்.

இந்த ஹோட்டலில் கார்ட்ரிட்ஜ் வகை. மலையில் வேறு சில இடங்களில் டேங்குக்குள்ளேயே நைட்ரஜனை அழுத்தி வைக்கும் வகை உண்டு, அதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சேலத்து வெயிலில், 35 டிகிரியில் முள் சரியாக நிற்கும்படி நிரப்பி மலைக்கு ஏற்றினால், டிசம்பர் விடியற்காலை 15 டிகிரியில் முள் கொஞ்சம் கீழே இறங்கும். காஸ் குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். "கேஸ் லீக் ஆகுதுங்க" என்று எனக்கு வரும் போன்களில் சில இதனால்தான். அதனால் மலைக்குப் போகும் டேங்கை நிரப்பும்போது தெர்மாமீட்டரையும் கம்பெனிக்காரர் கொடுத்த வெப்பநிலை அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். முள் பச்சையை விட்டு வெளியே போனால் மட்டும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தோம், பையன் வண்டியில், நான் அவர்கள் கொடுத்த ஓர் அறையில். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். கரண்டைத் துண்டிக்கும் காண்டாக்டர் ஒன்று போட்டு ஃப்ரையர் லைனை மைக்ரோ ஸ்விட்சோடு சேர்த்தார். லிங்க் நான்கையும் மாற்றினேன், உருகாத மூன்றையும் சேர்த்துத்தான். வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டியவை, அவற்றின் மேல் அச்சிட்ட வருடம் படிக்க முடியாத அளவுக்குப் பிசுக்கு. அந்தந்த இடத்தின் சூட்டை அளந்து அதற்கு ஏற்ற டிகிரி லிங்க் போட வேண்டும். குறைவாகப் போட்டால் சும்மா இருக்கும்போதே அடித்துவிடும், அதிகமாகப் போட்டால் தாமதமாகும்.

கடைசியாகச் சோதனை. கார்ட்ரிட்ஜை மாட்டாமல், மாஸ்டரையும் பசங்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தேன். கம்பியின் கோடியில் சோதனை லிங்க் மாட்டி, கட்டரால் வெட்டினேன். டக். ஸ்பிரிங் விழுந்தது. கேஸ் வால்வு விழுந்தது. சுவரில் காண்டாக்டர் டப்பென்று விட்டது, ஃப்ரையர் விளக்கு அணைந்தது. மறுபடி கட்டி, இந்த முறை வாசல் பக்கம் இருக்கும் கைப்பிடியை மாஸ்டரையே இழுக்கச் சொன்னேன். ஐந்து வருடமாக தினமும் அதைத் தாண்டிப் போகிறார், ஒரு தடவைகூடத் தொட்டதில்லையாம். "இழுத்தா ஒடஞ்சிருமோன்னு பயம் பாப்பா." இழுத்தார். எல்லாம் விழுந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கட்டிக் கொடுத்தேன்.

சுவரில் மாட்டியிருக்கும், சமையல் எண்ணெய்த் தீக்கான கே டைப் தீயணைப்பானைப் பற்றியும் பசங்களுக்குச் சொன்னேன். தீ பெரிதானால் முதலில் கைப்பிடி, அப்புறம்தான் அது. கைப்பிடி இழுத்தால்தான் கேஸும் கரண்டும் நிற்கும்.

பிறகு கார்ட்ரிட்ஜை மாட்டி, பின்னை எடுத்து, சீல் வைத்து, ரிஜிஸ்டரில் எழுதினேன். ஃப்ரையரை மட்டும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டேன், ஹை லிமிட் பாகம் வந்த பிறகு ஓட்டுங்கள் என்று. மற்ற அடுப்புகள் பதினொன்றரைக்குப் பற்றின. முதல் தோசையை மாஸ்டர் எனக்கும் பையனுக்கும்தான் வைத்தார்.

கிளம்பும்போது ஒரு மூடியை அவர் கையில் கொடுத்தேன். மாதம் ஒரு நாள், ஹூட்டை நிமிர்ந்து பார்த்து இது எட்டு இருக்கிறதா என்று எண்ணுங்கள், கைப்பிடிக்கு முன்னால் மூட்டை அடுக்காமல் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்னையோ வேறு யாரையோ கூப்பிட்டு முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள், வருகிறவர் ஃபில்டரைக் கழற்றித் தலையை உள்ளே விடுகிறாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள் என்றேன். மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவரே போன் செய்தார், முதல் தடவையாக. "பாப்பா, ஏழுதான் வருது. ரெண்டு தடவ எண்ணிட்டேன். அந்த இடப்பக்கத்து ஃபில்டருக்குப் பின்னாடி இருக்கறதுதான் இல்ல." ஃபில்டர் கழுவும்போது பையன் கை பட்டு விழுந்திருக்கிறது. நான் வரும்வரை அந்த ஹூட்டுக்கு அடியில் பொரிப்பதை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். மறுநாள் காலை மூடியோடும் ஊசியோடும் மலை ஏறினேன். துளையில் இன்னும் பிசுக்கு ஏறவில்லை.